இயற்கையைப் படிக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தான்

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பள்ளிக்கூடங்களில் ஓவியப் போட்டி நடக்கிறது. பிள்ளைகள் புலி வரைகிறார்கள், மரம் வரைகிறார்கள், கண்ணீர் விடும் பூமியை வரைகிறார்கள். பெரியவர்கள் மேடையில் அமர்ந்து பரிசு கொடுக்கிறார்கள், வருங்காலத் தலைமுறைதான் இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறார்கள். ஏரிக்கரைப் பனைகளை வெட்டலாமா, ஓடையை கான்கிரீட் போட்டு மூடலாமா, வயலுக்கு எந்த மருந்தை எத்தனை முறை அடிப்பது, வாசலுக்கு வந்த பாம்பை என்ன செய்வது என்ற கேள்விகள் மறுநாளே வந்து நிற்கும். அவற்றுக்கு விடை சொல்லப்போவது ஓவியம் வரைந்த பத்து வயதுப் பிள்ளை அல்ல. மேடையில் அமர்ந்திருந்தவர்கள்தான்.

சூழலியல் கல்வி என்றாலே குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் இங்கே வேரூன்றிவிட்டது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. பட்டப்படிப்பில் எந்தத் துறை மாணவராக இருந்தாலும் சுற்றுச்சூழல் தாள் ஒன்றை எழுதியே தீர வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. நல்ல தீர்ப்பு, நல்ல நோக்கம். ஆனால், ஓசோன் படலத்தையும் அமில மழையையும் ஐந்து மதிப்பெண் விடையாக எழுதத் தெரிந்த மாணவருக்குக் கல்லூரி வாசலில் நிழல் தரும் மரத்தின் பெயர் தெரிவதில்லை. அந்தத் தாளில் தேறியதோடு பாடம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் வாழப்போகும் ஐம்பது ஆண்டுகளில் இயற்கையைப் பற்றி அவருக்குக் கற்றுத்தர யாரும் இல்லை. கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் இல்லை.

கற்பதற்கு வகுப்பறை தேவைப்படாத துறை இது. மழை விட்ட நாள்களில் ஜன்னல் சட்டத்தின் மூலையைப் பார்த்தாலே போதும். மண்குளவி ஒன்று ஈர மண்ணைச் சிறு உருண்டையாக வாயில் கவ்வி வரும். தாடையாலும் முன்னங்கால்களாலும் தட்டித் தட்டி அதை வளையமாக ஒட்டும். மீண்டும் பறந்துபோய் அடுத்த உருண்டையோடு திரும்பும். சிறிது நேரத்தில் கழுத்து வைத்த குடுவை ஒன்று சுவரில் எழுந்திருக்கும். அதன் உட்கூரையிலிருந்து மெல்லிய இழையில் ஒற்றை முட்டையைத் தொங்கவிடும். பிறகு வேட்டை தொடங்கும். செடிகளிலிருந்து பச்சைப் புழுக்களைப் பிடித்து, சாகாமலும் தப்பி ஓட முடியாமலும் இருக்கும்படி கொட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குடுவைக்குள் திணிக்கும். வாயை மண்ணால் பூசி அடைத்துவிட்டுப் போனால் அதன் வேலை முடிந்தது. முட்டையிலிருந்து வரும் இளம்புழு அந்த உயிருள்ள உணவைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, குளவியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்.

குளவி கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடும் என்று நம் முன்னோர் நம்பியது இதைப் பார்த்துத்தான். முடிவு தவறு. ஆனாலும், புழு உள்ளே போவதையும் குளவி வெளியே வருவதையும் நாள்கணக்கில் கவனித்தவர்களால்தான் அந்தத் தவறான முடிவுக்குக்கூட வந்திருக்க முடியும். இன்றைக்கு அந்தக் கூட்டைப் பார்த்தவுடன் துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். கத்திரிச் செடியிலும் அவரைக் கொடியிலும் புழு விழுந்தால் கடைக்குப் போய் மருந்து வாங்குகிறோம். அந்தப் புழுக்களைக் கூலியில்லாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆள் யார் என்று தெரியாததால் வரும் செலவு அது.

முட்டை ஏன் இழையில் தொங்குகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர் பிரான்ஸ் நாட்டின் ழான் ஹென்றி ஃபாப்ர். முழுவதும் செயலிழக்காத புழுக்களின் நெளிவில் நசுங்காமல் இருக்கவே முட்டை அந்தரத்தில் தொங்குகிறது என்று அவர் விளக்கினார். பல்கலைக்கழகப் பதவியோ பெரிய ஆய்வுக்கூடமோ அவருக்கு வாய்க்கவில்லை. வாழ்நாளில் பல ஆண்டுகள் சொற்பச் சம்பளத்துப் பள்ளி ஆசிரியராகக் கழிந்தன. 1879இல், தமது 55ஆம் வயதில், செரிஞான் என்ற ஊரில் கல்லும் முள்செடியும் நிறைந்த, பயிருக்கு உதவாத ஒரு துண்டு நிலத்தை வாங்கினார். பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதி அந்த ஆண்டுதான் வந்தது. பத்தாம் தொகுதி வந்தபோது அவருக்கு வயது 83. இங்கே ஓய்வூதியக் கோப்பு கிளம்பும் வயதுக்கு வெகு அருகில் தம் முக்கியமான வேலையைத் தொடங்கி, கால் நூற்றாண்டுக்கும் மேல் அதைச் செய்திருக்கிறார்.

தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950இல் ஒரு ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடங்கி, 1996இல் மறையும்வரை எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கை, அணில், பல்லி, தெருநாய் பற்றியும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். காட்டுயிர் பற்றித் தமிழில் எழுத முடியும், அதைப் பொது வாசகர் விரும்பிப் படிப்பார் என்று காட்டியதில் அவருடைய நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இருவருமே சம்பளத்துக்காக உயிரியல் பார்த்தவர்கள் அல்லர்.

இதெல்லாம் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு, வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறவனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பாம்புக்கடிக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 30 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்கள். வயலில் வேலை செய்பவர்கள், குடும்பத்தைத் தாங்குபவர்கள், பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிப் பல காலம் ஆனவர்கள். எந்தப் பாடப்புத்தகம் அவர்களைப் போய்ச் சேரும்?

கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை அது கடித்தால் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும், இமைகள் தாமாகச் சரியும், விழுங்க முடியாமல் போகும். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு திணறத் தொடங்கிவிடும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வதும் இதைத் தடுக்கும். கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ கீறிவிடுவதோ கூடாது, மந்திரிப்பவரிடம் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது, நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். இவ்வளவுதான் பாடம். இன்னொரு பக்கம், வீட்டுச் சுவரில் ஏறும் ஓநாய்ப் பாம்பு நஞ்சில்லாதது. கட்டுவிரியனைப் போலவே உடம்பில் பட்டைகள் இருப்பதால் அதைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள். அதற்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்கு வால் பக்கம்தான் பட்டைகள் பளிச்சென்று இருக்கும்.

இந்த வேறுபாடுகளை நூல் படிக்காமலேயே அறிந்தவர்கள் இருளர் பழங்குடியினர். 1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் நின்றதும் அவர்களுடைய பிழைப்பு போனது. 1978இல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சை எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் நஞ்சுமுறி மருந்து தயாரிக்க அந்த நஞ்சுதான் நெடுங்காலமாக முதன்மை ஆதாரமாக இருந்துவருகிறது. 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை வரவழைத்தது. வளர்ப்பவர்கள் கைவிட்டதாலும் தப்பியதாலும் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புநிலத்துப் பாலூட்டிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஒரு மாத வேட்டைப் போட்டியில் அகப்பட்டவை 106. இந்த இருவரும் ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். புல் சாய்ந்திருக்கும் விதம், எச்சம், உரித்த சட்டை, வழுக்கிச் சென்ற தடம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த கண்கள் அவை. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர்கள் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விருது வந்தபோது மகிழ்ந்த தமிழ்நாடு, அவர்களிடம் பாடம் கேட்க எத்தனை ஊராட்சிகளில் நாற்காலி போட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கற்காமல் இருப்பதைவிடச் சிக்கலானது, தவறாகக் கற்றுவைத்திருப்பது. கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் சிட்டுக்குருவி அழிந்தது என்பதை இன்று தமிழ்நாட்டில் பலர் நம்புகிறார்கள். 2018இல் வந்த ‘2.0’ திரைப்படம் அந்த நம்பிக்கையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. பறவைகளின் மேல் அந்தப் படம் காட்டிய பரிவு உண்மையானது. ஆனால், 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி 25 ஆண்டுகளாக நாட்டளவில் பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று கண்டது. கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி கிடைக்காததும், கூடு வைக்க இண்டு இடுக்கு இல்லாத கட்டடங்களும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. கோபுரத்தைக் குற்றம் சொன்னால் நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பூச்சிகள் இல்லாத தோட்டமும் பொந்துகள் இல்லாத சுவரும் காரணம் என்றால், வீட்டுக்காரர், கட்டடம் கட்டுபவர், மருந்து அடிப்பவர் என்று எல்லோரும் யோசிக்க வேண்டியிருக்கும்.

அதே அறிக்கை வரிசையில் 2023இல் வந்ததுதான் இன்னும் பெரிய செய்தி. 942 வகைப் பறவைகளை அது மதிப்பிட்டது. அதற்கு ஆதாரம் ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள். அவற்றைத் தந்தவர்கள் 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள். அவர்களில் மாணவர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள் என்று எல்லா வகையினரும் உண்டு. மயில் பெருகுகிறது என்று விவசாயி சொல்வது மெய் என்பதையும், மின்கம்பியில் சும்மா உட்கார்ந்திருந்து பறக்கும்போது மட்டும் நீலச் சிறகைக் காட்டும் பனங்காடை வேகமாகக் குறைந்துவருகிறது என்பதையும் அந்தப் பதிவுகள்தான் காட்டின. பனங்காடை ஊர்ப்புறத்து வயலோரப் பறவை. சரணாலயத்துக்குப் போகும் ஆய்வாளர் மட்டும் எண்ணியிருந்தால் அது குறைவது கண்ணில் பட்டிருக்காது.

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, மழைக்காலத்திலும் வறண்ட பருவத்திலும் நடந்து எண்ணி, 361 பறவை வகைகளுக்கு வரைபடம் போட்டார்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் அப்படிச் செய்யப்பட்டது அதுவே முதல் முறை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவிட்டால் போதும். வீட்டு மொட்டை மாடியும் இடம்தான். குரலை வைத்தே பறவையைச் சொல்லும் தாத்தாவும், கைபேசியில் பதிவிடத் தெரிந்த பேத்தியும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

அறிவில்லாத நல்லெண்ணமும் நிலத்தைக் கெடுக்கும் என்பதற்கு நீலகிரி சாட்சி. மலை உச்சிகளில் இருந்த இயற்கையான புல்வெளிகளை மரமில்லாத வெற்று நிலம் என்று நினைத்து, ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் சீகை மரங்களையும் தைல மரங்களையும் நட்டார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல். வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடமும் அதுதான். இப்போது அதே சீகையை வெட்டி அகற்றுவதற்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. சமவெளியில் இந்தத் தவறு இன்றும் நடக்கிறது. தூர்வாருகிறோம் என்று ஏரியின் விளிம்புவரை ஜேசிபியால் ஒரே ஆழத்துக்கு வெட்டி, கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதிக்கிறார்கள். உள்ளான்களும் கொக்குகளும் இரை தேடுவது கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் சேற்றிலும்தான். ஆழமாக வெட்டிய ஏரியில் அவை நிற்பதற்கு இடம் இல்லை. திட்டம் போட்ட பொறியாளருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஏரியின் ஓரம் எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஊரார் கற்றுவைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி காட்டியது. அந்த ஊர்க் குன்றுகளையும் ஏரிகளையும் பறவைகளையும் உள்ளூர் ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்து வந்தார்கள். லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, போனெல்லிக் கழுகு உட்பட சுமார் 250 பறவை வகைகள், அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு, பழங்காலக் கல்வெட்டுகள், குடைவரைக் கோயில், இயற்கைச் சுனைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது. மக்கள் திரண்டார்கள். சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டத்தின் வலு மக்களின் எண்ணிக்கையில் இருந்தது, ஐயமில்லை. கூடவே, 'இங்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு ஊராரிடம் தயாரான பதில் இருந்தது. பட்டியல் இல்லாத எத்தனையோ குன்றுகள் கிரானைட்டாகப் போய்விட்டன.

அப்படி ஒரு பட்டியல் எல்லா ஊருக்கும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். கிராம ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி எதற்கும் விலக்கு இல்லை. ஊர் மக்களிடம் கேட்டு, அங்குள்ள செடி கொடி, மீன், பறவை, நாட்டு விதை, அவற்றைப் பற்றிய மரபறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைப்பது அந்தக் குழுவின் முதன்மையான வேலை. 2016இல் நாடு முழுவதும் சில ஆயிரங்களைத் தாண்டாத பதிவேடுகள் இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேல். இடையில் நடந்தது, 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்களுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கெடு. கெடுவுக்குப் பயந்து எழுதிய ஏடுகளில் ஊராரின் குரல் எவ்வளவு இருக்கும்? தங்கள் ஊருக்கு இப்படி ஒரு பதிவேடு இருப்பதே தெரியாத மக்கள்தான் அதிகம்.

இதைப் படிவமாக நினைக்காமல் பாடமாக நினைத்தால், பெரியவர்களுக்கான இயற்கைக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை. ஆடு மேய்க்கும் பாட்டிக்குத் தெரிந்த பூண்டுகளை ஆசிரியர் எழுதிக்கொள்ளலாம். மீன் பிடிப்பவர் சொல்லும் மீன் வகைகளைக் கல்லூரி மாணவி படம் எடுக்கலாம். எந்த வாய்க்காலில் எந்த மாதம் தவளை கத்தும் என்பதை நாற்று நடும் பெண்கள் சொல்வார்கள். நீர்வளத் துறைப் பொறியாளர் ஏரித் திட்டம் போடும் முன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று அரசு ஒரு உத்தரவு போடலாம். ஊரக வேலைத் திட்டப் பணித்தளப் பொறுப்பாளர், தூய்மைப் பணியாளர், ஊராட்சிச் செயலர் ஆகியோருக்கு ஆண்டுக்கு ஒரு நாள் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வரும் பயிற்சி கொடுக்கலாம். பாடம் நடத்த ஆள் வேண்டுமென்றால், அந்தந்த ஊரிலேயே இருளர்களும் மீனவர்களும் வைத்தியம் தெரிந்த பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் எழுந்து, நம் ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேடு எங்கே இருக்கிறது, அதைச் சபையில் வாசித்துக்காட்டுங்கள் என்று கேளுங்கள். வாசிக்கும்போது விடுபட்டவற்றைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவேடே இல்லை என்றால், அதை எழுதும் குழுவில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குப் படிப்புத் தகுதி எதுவும் தேவையில்லை.